127-ஆம் நெடுஞ்சாலையின் நான்கு நாள் யார்டு சேல்: முதல்முறை போகும் தம்பதிகளுக்கு

ஆகஸ்டு மாதத்தின் முதல் வியாழக்கிழமை தொடங்கி ஞாயிறு வரை, அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் ஒரே பாதையை ஒட்டி வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வாசலுக்கு வந்துவிடும். வடக்கே மிச்சிகன் மாநிலத்தின் ஆடிசன் என்ற சிற்றூர்ப் பக்கம் ஆரம்பம். ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா வழியாக இறங்கி, அலபாமாவின் கேட்ஸ்டன் நகரில் நொக்கலூலா அருவிப் பூங்காவில் முடிவு. மொத்தம் 690 மைல், ஏறத்தாழ 1,110 கிலோமீட்டர். டென்னசியின் சட்டனூகா நகர் வரை யு.எஸ். 127 நெடுஞ்சாலை, அதற்குத் தெற்கே லுக்அவுட் மலைமேல் போகும் பார்க்வே சாலை. உலகின் மிக நீளமான யார்டு சேல், அதாவது வீட்டு முற்ற விற்பனை, என்று இதைச் சொல்கிறார்கள்.

1987-இல் இதைத் தொடங்கியவர் மைக் வாக்கர். அப்போது டென்னசியின் ஃபென்ட்ரஸ் கவுன்டிக்கு (மாவட்டத்துக்கு) நிர்வாகத் தலைவராக இருந்தார். மாநிலங்களை இணைக்கும் பெரிய இன்டர்ஸ்டேட் விரைவுச்சாலைகள் வந்தபின் சிற்றூர்களின் பக்கம் யாரும் திரும்பாமல் போனார்கள். பயணிகளை மறுபடி பழைய சாலைக்கு இழுக்க வேண்டும் என்பதே யோசனை. அந்த நோக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால்தான் இந்த விற்பனை பிடிபடும். இங்கே சாலையை ஓட்டி முடிப்பது வேலை இல்லை, நிற்பதுதான் வேலை. நானும் என் கணவரும் ஒஹாயோவில் குடியிருக்கிறோம். எங்கள் சமையலறையில் பாதி இந்தச் சாலையில் வாங்கியது. புதிதாக அமெரிக்கா வந்து வீடு அமைக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் கேட்பதால் விவரமாக எழுதுகிறேன்.

எந்தப் பகுதிக்குப் போவது

690 மைலையும் நான்கு நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முடிக்கலாம்; ஆனால் பார்த்ததெல்லாம் கார் கண்ணாடி வழியாகத்தான் இருக்கும். விற்பனை நாட்களில் ஊர்களுக்குள் வண்டி ஊர்ந்துதான் நகரும். விற்பனை நடக்கும் ஒவ்வொரு வயலிலும் இறங்கி ஏறினால் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது மைல் போனாலே அதிகம். நூறு, நூற்றைம்பது மைல் உள்ள ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு அதை நிதானமாகப் பாருங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கென்டக்கியின் டான்வில் தொடங்கி டென்னசியின் கிராஸ்வில் வரை. சுமார் 150 மைல். இடையே லிபர்ட்டி, ரசல் ஸ்பிரிங்ஸ், ஆல்பனி, பிறகு எல்லை தாண்டி ஜேம்ஸ்டவுன். விற்பனை பிறந்த ஊர் அந்த ஜேம்ஸ்டவுன்தான். அங்கே கூட்டமும் கடைகளும் நெருக்கமாக இருக்கும். சின்சினாட்டியிலிருந்து டான்வில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கிராஸ்வில், நாஷ்வில்லையும் நாக்ஸ்வில்லையும் இணைக்கும் 40-ஆம் இன்டர்ஸ்டேட்டின் மேலேயே இருக்கிறது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வசதி.

மிச்சிகனும் வட ஒஹாயோவும் சமவெளி. சோள வயல்கள், நேர்க்கோடு போன்ற சாலை, ஓட்டுவது சுலபம், ஆனால் விற்பனைகள் தள்ளித் தள்ளி இருக்கும். அட்லாண்டாவில் இருப்பவர்களுக்குச் சட்டனூகாவிலிருந்து தெற்கே போகும் லுக்அவுட் மலைப்பாதை பக்கம். மரநிழலும் காட்சியும் அருமை. வளைவுகளில் கவனம் வேண்டும்.

இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, இந்தச் சாலையில் ஜேம்ஸ்டவுன் என்ற பெயரில் இரண்டு ஊர்கள்: ஒன்று கென்டக்கியில், இன்னொன்று டென்னசியில். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பது, அறுபது மைல். அறை பதிவு செய்யும்போதும் வழிகாட்டிச் செயலியில் ஊர்ப்பெயரைத் தட்டும்போதும் மாநிலத்தையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டாவது, நேரம். லிபர்ட்டி வரை கிழக்கு நேரம். ரசல் ஸ்பிரிங்ஸ் வந்ததும் கடிகாரம் ஒரு மணி பின்னே போய்விடும். ஆல்பனி, ஜேம்ஸ்டவுன், கிராஸ்வில், பைக்வில் எல்லாம் மத்திய நேரம். சட்டனூகாவில் மறுபடி கிழக்கு நேரம், அலபாமாவில் மறுபடி மத்திய நேரம். தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது. வடக்கு நோக்கிப் போகிறவர்கள் அதை இழப்பார்கள்.

அறை, கார், கைப்பை

அறைதான் முதலில் தீர்ந்துபோகும். இந்தச் சிற்றூர்களில் மோட்டல்கள் கொஞ்சம். வருடா வருடம் வருகிறவர்கள் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். வசந்த காலத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் சாலையை விட்டு முப்பது, நாற்பது மைல் தள்ளி இன்டர்ஸ்டேட் ஓரத்தில் தேடுங்கள். கூடாரம் பழக்கம் உள்ளவர்களுக்கு மாநிலப் பூங்காக்கள் நல்லவை: கென்டக்கி ஜேம்ஸ்டவுன் அருகே லேக் கம்பர்லாந்து, கிராஸ்வில்லில் கம்பர்லாந்து மவுன்டன், பைக்வில் பக்கம் ஃபால் க்ரீக் ஃபால்ஸ். இவற்றையும் முன்பதிவு செய்தாக வேண்டும்.

கார் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் டிக்கியின் வாய் எத்தனை அங்குல அகலம், எத்தனை உயரம், பின் இருக்கையை மடக்கினால் எவ்வளவு நீளம் என்று அளந்து ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். வீட்டில் எந்தச் சுவருக்கு அலமாரி வேண்டும், எந்த ஜன்னலுக்கு மேஜை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வயலில் நின்றுகொண்டு "நம்ம ஹால்ல இது பிடிக்குமா?" என்று இருவரும் கையை விரித்துக் காட்டிக்கொள்வதால் ஒன்றும் ஆகாது. அளவு நாடாதான் பதில் சொல்லும்.

நாங்கள் எடுத்துப் போவது: அளவு நாடா, சிறிய காந்தம், டார்ச், பூதக்கண்ணாடி, டபுள் ஏ, டிரிபிள் ஏ பேட்டரிகள், பழைய போர்வை இரண்டு, கயிறு, பழைய செய்தித்தாள் கட்டு, தடித்த கையுறை, ஈரத் துடைப்பான். தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் நிறைய. ஆகஸ்டில் அங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்திருக்கும். மதியத்துக்கு மேல் திடீரென்று இடியோடு மழை கொட்டும். வயல்கள் சேறாகிவிடும் என்பதால் செருப்பு போட்டு இறங்காதீர்கள். மூடிய ஷூ, முழங்கால் மூடிய உடை, உண்ணி விரட்டும் மருந்து. புல்லில் நடந்த நாளின் இரவில் கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் வரும் கம்பர்லாந்து பீடபூமியில் பல இடங்களில் செல்போன் சிக்னல் இல்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருங்கள். காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் வழிப் பணமும் வேலை செய்யாது. ரொக்கம்தான் எல்லாம். ஒன்று, ஐந்து, பத்து, இருபது டாலர் தாள்களாக மாற்றி எடுத்துப் போங்கள். நூறு டாலர் தாளை நீட்டினால் காலை நேரத்தில் சில்லறை கொடுக்க யாரிடமும் இருக்காது.

இருவராகப் போவதன் ஆதாயம்

ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் கண்ணாக இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கவே கூடாது; முன்னே போகும் வண்டி எந்த நொடியும் நிற்கும். கூட்டம் அதிகமான இடங்களில் ஆட்கள் கையில் நாற்காலியோடு குறுக்கே நடப்பார்கள்.

எங்களுக்கு மிகவும் கைகொடுத்த வழக்கம் ஒன்று உண்டு: போகும்போது வலப்பக்கத்து விற்பனைகளில் மட்டும் நிற்போம். அமெரிக்காவில் வண்டி வலப்பக்கம் ஓடுவதால், வலப்பக்க வயலில் இறங்குவதும் மறுபடி சாலையில் ஏறுவதும் சுலபம். எதிரே வரிசையாக வண்டி வரும்போது இடப்பக்கம் திரும்பக் காத்திருப்பது நேரத்தையும் தின்னும், பின்னால் நிற்பவர்களின் பொறுமையையும் தின்னும். இடப்பக்கம் ஏதாவது கண்ணில் பட்டால் பக்கத்தில் இருப்பவர் மைல் கணக்கையும் அடையாளத்தையும் எழுதிக்கொள்வார். திரும்பி வரும்போது அது வலப்பக்கம். வண்டியைச் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே முழுவதுமாக இறக்கி நிறுத்துங்கள். நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்த வீட்டு வாசலில் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். வீட்டுக்கான பொதுப் பணம், அவர் பணம், இவர் பணம். பொதுப் பணத்தில் வாங்குவதற்கு இருவர் சம்மதமும் வேண்டும். சொந்தப் பணத்தில் வாங்குவதை மற்றவர் கேள்வி கேட்கக் கூடாது. என் கணவர் பழைய இழைப்புளிகளாக வாங்குவார், நான் கண்ணாடிப் பாத்திரங்களாக வாங்குவேன். இந்த ஏற்பாடு இருப்பதால் மூன்றாம் நாள் மாலையிலும் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறோம்.

பெரிய வயல்களில் பிரிந்து போய்ப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து இன்ன இடத்தில் சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். நல்ல பொருள் தென்பட்டால் கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். யார்டு சேலில் எழுதப்படாத சட்டம் அதுதான்: கையில் இருக்கும் வரை உங்களுக்கு முன்னுரிமை, கீழே வைத்துவிட்டால் அடுத்தவர் எடுக்கலாம். அதே மாதிரி, வேறொருவர் ஒரு பொருளைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் நடுவில் புகுந்து விலை சொல்லக் கூடாது.

விற்பவர் எதிரே தமிழில் விலையைப் பற்றிப் பேசாதீர்கள். மொழி புரியாவிட்டாலும் முகம் புரியும். நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்குக் கூச்சமாகவும் இருக்கும். "ஒரு நிமிடம், யோசித்துவிட்டு வருகிறோம்" என்று அவரிடமே சொல்லிவிட்டுத் தள்ளிப் போய்ப் பேசுங்கள்.

யாரிடம் வாங்குவது

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சாலையோரம் மேஜை போட்டவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் இல்லை.

பெரிய வயலில் வரிசையாகக் கூடாரம் அடித்து, பொருளுக்குப் பொருள் சீட்டு ஒட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் நாணயமும் கத்தியும் வைத்திருந்தால் அவர்கள் வியாபாரிகள். இடத்துக்கு வாடகை கொடுத்து, பல மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்குத் தங்கள் பொருளின் மதிப்பு நன்றாகத் தெரியும். அடிமாட்டு விலைக்கு எதுவும் கிடைக்காது; ஆனால் நீங்கள் குறிப்பாக ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால் அங்கேதான் கிடைக்கும். பொருளைப் பற்றிக் கற்றுக்கொள்ளவும் அவர்களைவிட நல்ல ஆசிரியர் இல்லை. முதல் நாள் காலை அவர்களிடம் பார்த்தும் கேட்டும் பழகுங்கள், கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

தன் வீட்டுப் புல்வெளியில் இரண்டு மடக்கு மேஜை, ஒரு கொடியில் துணிகள், பக்கத்தில் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் இன்னொரு வகை. நமக்கு வேண்டியது இவர்கள்தான். இடம் மாறுகிறார்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். பொருள் நல்ல வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைப்பார்கள். பெரிய வயல்களுக்கு இடையே, பிரதான சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய கிளைச் சாலைகளில், கையால் எழுதிய அட்டையோடு இருப்பார்கள். அந்த அட்டைகளைத் தேடுவதுதான் பக்கத்து இருக்கைக்காரரின் முக்கிய வேலை.

மூன்றாவது, தேவாலயங்களும் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களும். ஊர்க்காரர்கள் கொடுத்த பொருள்களை விற்று அந்த நிறுவனத்துக்கே பணம் சேர்ப்பார்கள். சமையல் பாத்திரம், புத்தகம், குழந்தைத் துணி எல்லாம் மலிவு. இங்கே நான் பேரமே பேசுவதில்லை. பேசாமல் இருப்பதே மரியாதை என்று நினைக்கிறேன்.

பேரம்

நம் ஊர்ச் சந்தையில் பாதி விலையிலிருந்து தொடங்குவோம். அங்கே அது எடுபடாது. மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். இருபது டாலர் சொன்ன பொருளுக்குப் பதினைந்து கேட்கலாம், பன்னிரண்டு கேட்டால் துணிச்சல், ஐந்து கேட்டால் பேச்சு முடிந்தது. ஒரு டாலர், இரண்டு டாலர் பொருளுக்குச் சொன்னதைக் கொடுத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு விற்கும் குழந்தைகளிடமும் அப்படியே.

முதலில் வணக்கம் சொல்லுங்கள். தெற்கு மாநிலங்களில் வணக்கம் சொல்லாமல் விலை கேட்பது முரட்டுத்தனம். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை, அவர்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிறகு பொருளை எடுத்து, இது யார் உபயோகித்தது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை நான் மிகவும் நம்புகிறேன். "என் அம்மா ஞாயிறுதோறும் இதில்தான் கோழி பொரிப்பாள்" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சட்டி பரணில் கிடக்கவில்லை, அடுப்பில் இருந்தது என்று தெரிகிறது. எவ்வளவு பழசு, எங்கே பழுது பார்த்தது எல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். கதை கேட்ட பிறகு கேட்கும் விலைக்குக் கிடைக்கும் பதிலும் வேறு மாதிரி இருக்கும்.

விலை கேட்கும் முறை: "வுட் யூ டேக் ஃபிஃப்டீன் ஃபார் திஸ்?" அல்லது "இஸ் திஸ் யுவர் பெஸ்ட் பிரைஸ்?" கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். குறை சொல்லி விலை இறக்காதீர்கள். அவர் அம்மாவின் பாத்திரத்தைப் பழிப்பது போலாகும். உண்மையிலேயே விரிசல் இருந்தால் காட்டலாம், அவ்வளவே. நாலைந்து பொருளைச் சேர்த்து எடுத்து எல்லாவற்றுக்கும் ஒரே விலை கேட்டால் தனித்தனியாகக் கேட்பதைவிட நன்றாகப் படியும். கொசுறாக ஒரு கரண்டியோ கண்ணாடிக் குடுவையோ அவர்களே போட்டுத் தருவார்கள். விலை ஒப்புக்கொண்ட பின் பின்வாங்கக் கூடாது.

நாளும் முக்கியம். வியாழக்கிழமை காலை பொருள் அதிகம், விலை இறங்காது. சிலர் புதன்கிழமையே மேஜை போட்டுவிடுவார்கள். ஞாயிறு மதியம் பொருள் குறைவு, விலை எங்கேயோ இறங்கிவிடும். திரும்ப ஏற்றிப் போக மனமில்லாமல் சிலர் இலவசம் என்றே எழுதி வைப்பார்கள். அரிய பொருள் தேடுகிறவர்கள் வியாழன், வெள்ளி போங்கள். புத்தக அலமாரி, நாற்காலி, தட்டுமுட்டுச் சாமான் தேவைப்படும் புதுக் குடித்தனக்காரர்கள் சனி, ஞாயிறு போனால் போதும்.

பொருளைப் பார்க்கும் விதம்

வார்ப்பிரும்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நமக்கு அதுதான் பொக்கிஷம். இந்தச் சாலை வார்ப்பிரும்பு நாட்டின் வழியாகவே போகிறது. 1896-இல் தொடங்கிய லாட்ஜ் என்ற வார்ப்பிரும்புப் பாத்திரத் தொழிற்சாலை சட்டனூகாவுக்குப் பக்கத்தில் சவுத் பிட்ஸ்பர்கில் இன்றும் நடக்கிறது. வாக்னர் பாத்திரங்கள் ஒஹாயோவின் சிட்னியில் செய்தவை. கிரிஸ்வால்ட் பென்சில்வேனியாவின் ஈரியில் செய்தது. கிரிஸ்வால்டையும் வாக்னரையும் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்தக் காலத்துப் பாத்திரங்களின் உட்புறம் கடைந்து வழுவழுப்பாக இருக்கும், எடையும் குறைவு. விளிம்பு தாழ்ந்த வட்டக் கிரிடில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், அது தோசைக்கல்லேதான். முறுகல் தோசை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

சோதனை: சமதளமான மேஜையில் வைத்து ஓர் ஓரத்தை அழுத்துங்கள். ஆடினாலோ பம்பரம் போலச் சுற்றினாலோ அடி வளைந்திருக்கிறது. எரிவாயு அடுப்புக்குச் சமாளிக்கலாம், கண்ணாடித்தள மின் அடுப்புக்கு ஆகாது. விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. தட்டையான சத்தம் வந்தால் டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், துரு போகும். விரிசலும் ஆழக் குழி விழுந்த பரப்பும் போகாது. முக்கியமாக, ஈயம் உருக்கப் பயன்பட்டதா என்று கேளுங்கள். தூண்டில் குண்டும் துப்பாக்கிக் குண்டும் வார்ப்பதற்குச் சிலர் பழைய சட்டிகளை உபயோகித்திருக்கிறார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் பளபளக்கும் துளிகள் தென்பட்டால் சமையலுக்கு வேண்டவே வேண்டாம்.

கண்ணாடிப் பாத்திரங்களில் விளிம்பை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு விரலுக்குத் தெரியும். ஃபயர்-கிங் என்று அடியில் பொறித்த பால்பச்சை நிறக் கிண்ணங்கள் ஒஹாயோவின் லான்காஸ்டரில் இயங்கிய ஆங்கர் ஹாக்கிங் நிறுவனத்தார் செய்தவை. அவற்றைப் போலச் செய்த புதிய பொருள்களும் சந்தையில் உண்டு என்பதால் அடிப்பக்க முத்திரையைப் பாருங்கள். வெளியே வண்ணப்பூ வரைந்த பழைய கிண்ணங்களின் வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். எனக்கு அவற்றின் மேல் கொள்ளை ஆசை. அலமாரியில் வைக்கிறேன், சாம்பார் ஊற்றுவதில்லை.

மர அலமாரி என்றால் இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுங்கள். பலகைகள் ஒன்றோடொன்று புறாவால் வடிவில் பல் பின்னி இணைந்திருந்தால் நல்ல வேலை. ஆணியும் பசையும் மட்டும் என்றால் விலையைக் குறைத்து மதிப்பிடுங்கள். மரத்தில் ஊசிமுனைத் துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது, தொடாதீர்கள். தையல் இயந்திரத்தின் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஊசி ஏறி இறங்கினால் பெரும்பாலும் எண்ணெய் விட்டாலே ஓடும். ஊருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இங்கே 120 வோல்ட், இந்தியாவில் 230. மிதி இயந்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. பித்தளை என்று சொன்னால் காந்தத்தை வையுங்கள்; ஒட்டினால் உள்ளே இரும்பு.

கென்டக்கியிலும் டென்னசியிலும் துண்டுத் துணிகளை இணைத்துக் கையால் தைத்த குவில்ட் போர்வைகள் கிடைக்கும். திருப்பிப் போட்டுப் பின்பக்கத் தையலைப் பாருங்கள். கைத்தையல் சற்றே ஏறி இறங்கி இருக்கும். பல மாத உழைப்பு அது. சொல்லும் விலை நியாயமாகப் பட்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள் என்பதே என் கருத்து.

வாங்கக் கூடாதவை

மெத்தை, சோபா வேண்டாம். மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வந்தால் அதை ஒழிக்க ஆகும் செலவில் புதிதே வாங்கலாம். குழந்தைகளுக்கான கார் இருக்கையில் காலாவதித் தேதி இருக்கும். தேதி தாண்டாவிட்டாலும் விபத்தில் மாட்டியதா என்று நமக்குத் தெரியாது. தலைக்கவசமும் அப்படியே. ஒரு பக்கம் கீழே இறங்கும் தொட்டில்களை அமெரிக்க அரசு 2011-இல் தடை செய்துவிட்டது. பழைய வீடுகளிலிருந்து இன்னும் வெளியே வருகின்றன. 1978-க்கு முந்தைய வண்ணம் பூசிய பொம்மை, நாற்காலிகளில் ஈயம் இருக்கலாம். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

சில மேஜைகளில் வேட்டைத் துப்பாக்கி இருக்கும். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. கையில் எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். கழுகு, பருந்து இறகுகள் அழகாகக் கட்டித் தொங்கும். அவற்றை வைத்திருப்பதும் குற்றம். வாங்கியதை இணையத்தில் விற்று லாபம் பார்க்கலாமே என்று தோன்றும். சொந்த உபயோகத்துக்கு வாங்குவதில் சிக்கல் இல்லை. ஆனால் வாங்கி விற்பதையே தொடர்ந்து செய்தால் அது தொழிலாகும். எச்-1பி (வேலை), எச்-4 (அவர்கள் குடும்பத்தார்) விசாக்காரர்கள் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது.

அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடிகளும் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பழைய பொம்மைகளும் சில இடங்களில் கண்ணில் படும். நாங்கள் அங்கே நிற்பதில்லை. அடுத்த வளைவில் நல்ல மனிதர்கள் மேஜை போட்டிருப்பார்கள்.

சாப்பாடு

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குத் தேவாலய வாசல்களில் பார்பெக்யூ உண்டு. சைவர்களுக்குச் சுட்ட சோளம், அவித்த வேர்க்கடலை, பழம் வைத்துச் சுட்ட பை (pie), எலுமிச்சைச் சாறு. அதற்கு மேல் சிரமம். ஐஸ்பெட்டியில் தயிர்சாதமும், புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு போங்கள். கென்டக்கியில் உல்ஃப் க்ரீக் அணைப் பக்கமாக 127 போகிறது; கம்பர்லாந்து ஏரி பக்கத்தில் விரிந்திருக்கும். அந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட இடம் பாருங்கள். பெட்ரோல் கால் டாங்குக்கு வரும் வரை காத்திருக்காதீர்கள், கழிப்பறை உள்ள பெட்ரோல் நிலையத்தைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

எதையும் நேரே உள்ளே கொண்டு போகாதீர்கள். கராஜிலோ பால்கனியிலோ வைத்து டார்ச் அடித்து மடிப்புகளையும் திருகு துளைகளையும் பாருங்கள். சாதாரணத் துணிகளை வெந்நீரில் துவைத்து அதிகச் சூட்டில் உலர்த்துங்கள். கைத்தையல் குவில்ட்டுக்கு அது ஆகாது, இரண்டு நாள் காற்றாட விட்டு, பிறகு குளிர்நீரில் கையால் அலசுங்கள்.

துருப்பிடித்த இரும்புக்குச் சமஅளவு வினிகரும் தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். அதற்கு மேல் விட்டால் இரும்பையே அரிக்கும். எஃகு நாரால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போக உலர்த்துங்கள். சமையல் எண்ணெய் சில துளிகள் விட்டு எல்லாப் பக்கமும் தடவி, பிறகு தடவியதே தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மிஞ்சினால் பிசுபிசுக்கும். ஓவனில் கவிழ்த்து வைத்து 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். அப்படியே ஆற விடுங்கள். இரண்டு மூன்று முறை இதைச் செய்தபின் முதல் சில நாட்கள் வெங்காயம் வதக்குங்கள், அதன்பின் தோசை.

ஆகஸ்டு வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு, ஜூன் தொடக்கத்தில் கென்டக்கியில் யு.எஸ். 68 சாலை நெடுகவும், மே மாதக் கடைசி நாட்களில் யு.எஸ். 40 சாலை நெடுகவும் இதே போன்ற விற்பனைகள் நடக்கின்றன. கூட்டம் குறைவு, பழகிக்கொள்ள ஏற்றவை. 127-க்கு மறுபடி போவதென்று முடிவு செய்துவிட்டால், ஞாயிறு காலை அறையைக் காலி செய்யும்போதே மோட்டல் முன்மேஜையில் அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பெயர் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.